வடிவாம்பாள் சொல்லாத பெயர்

ரவிக்கைத் துணி வாங்க வந்தவளை முகூர்த்தப் புடவையோடு அனுப்பி வைக்கும் வாய் வடிவாம்பாளுடையது. காஞ்சிபுரத்துப் பட்டுக்கடையில் இருபது வருடம் அந்த வாயால்தான் பிழைத்தாள். பக்கவாதம் வந்து ஆறு வாரம் ஆகிறது. கையும் காலும் ஓரளவு தேறிவிட்டன. பாழாய்ப்போன பேச்சு மட்டும் திரும்பவில்லை. சாவியைக் காட்டினால் ‘ஊசி’ என்கிறாள். தப்பு என்று அவளுக்கே தெரிகிறது, அதுதான் கொடுமை.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சிக்கு ஓர் இடம்தான் காலி. மூளை ஸ்கேனையும் இன்றைய சோதனையையும் கம்ப்யூட்டரில் போட்டால், ஆறு மாதத்தில் பேச்சு வருமா வராதா என்று செயற்கை நுண்ணறிவு கணித்துச் சொல்லுமாம். நூற்றுக்கு ஐம்பதுக்குக் கீழே வந்தால் இடம் கிடையாது.

கடைசிக் கேள்விக்குப் பயிற்சியாளர் கிரேஸ் ஒரு போட்டோவை நீட்டினாள். “இவரு பேரு என்னம்மா?”

போட்டோவில் இருந்தது வடிவாம்பாளின் கணவர். தறி வேலையை விட்டுவிட்டு வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவள் வாயை இறுக்கிக்கொண்டாள். கிரேஸ் பூஜ்யம் போட்டாள். திரையில் நாற்பத்தெட்டு வந்தது.

“அய்யய்யோ, அதுக்குப் பேரு தெரியும்மா!” என்று பதறினார் அவர். “கட்டிக்கினு வந்த நாள்லேருந்து என் பேர சொன்னதே இல்ல. ரேஷன் ஆபீசுல கேட்டாகூட, முருகர் கையில இருக்குமே, அதுன்னுதான் சொல்லும்.”

“மெஷினுக்கு அதெல்லாம் தெரியாதுங்க ஐயா. அவங்க வாயால சொன்னா மாத்திப் போடறேன்.”

பெயரைச் சொன்னால் புருஷன் ஆயுசு குறையும் என்று வடிவாம்பாளிடம் அவள் அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். போன வருடம்தான் அவருக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். பேச்சு பெரிதா, அவர் பெரிதா?

“சொல்லு வடிவு. நீ பேசாத வூட்ல நான் நூறு வருசம் இருந்து இன்னா பண்ணப்போறேன்?”

அவர் கண் கலங்கியதைப் பார்த்ததும் அவளுக்குப் பொறுக்கவில்லை. வருவது வரட்டும் என்று வாயைத் திறந்தாள். நாக்கு புரண்டது, தடுக்கியது, பிறகு சட்டென்று கொட்டிவிட்டது.

“டேய் வேலாயுதம்!”

கிரேஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு பூஜ்யத்தை அழித்தாள். ஐம்பத்தொன்று.

வேலாயுதம் திரையைப் பார்க்கவே இல்லை. “அடிப்பாவி,” என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. “முப்பத்தெட்டு வருசமா மனசுக்குள்ள இப்படித்தான் கூப்ட்டுக்கினு இருந்தியா?”

“ஆமா,” என்றாள் வடிவாம்பாள், தடுக்காமல்.