ஸ்பிரிங் இன்னும் வரவில்லை

குழலின் ஒரு முனையில் ஜன்னல் வெளிச்சம். மறுமுனையில் அவருடைய வலது கண். இடது கண்ணை மூடினால் அவருக்கு வாய் தானாகத் திறந்துகொள்ளும். அந்தக் கோலத்தில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்பார். துப்பாக்கியைக் கொண்டுவந்த ஆள், ஸ்கேன் படத்தை டாக்டர் பார்த்துக்கொண்டிருக்கும்போது உட்கார்ந்திருக்கிற மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருப்பார். கடைசியில் குழல் கீழே இறங்கும். கண்ணைக் கசக்கிக்கொண்டு, "வேணாம்" என்பார்.

வருகிற துப்பாக்கிகளில் பாதிக்கு மேல் இதுதான் தீர்ப்பு. அதனால் கடைத்தெருவில் அவருக்கு 'வேணாம் அண்ணன்' என்றே பேர் விழுந்துவிட்டது. துப்பாக்கி ரிப்பேர் செய்து பிழைக்கிற மனிதர் ரிப்பேரே வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தால் அடுப்பு எப்படி எரியும் என்று அவர் மனைவி கேட்காத நாளில்லை. "கட்டை உடைஞ்சா ஒட்டலாம். ஸ்பிரிங் போனா வேற போடலாம். குழல் போச்சுன்னா கும்பிடு போட்டு அனுப்பிடணும்" என்பார் அவர். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் மனைவி சொல் எடுபடாது.

பார்க்கிற முறையிலும் ஓர் ஒழுங்கு உண்டு. குழலுக்கு அடியில் இடது கை பிடிக்கிற முன்கட்டையை முதலில் கழற்றிவிடுவார். மிச்சத்தைக் காதருகே தூக்கி, தேங்காயை ஆட்டிப் பார்ப்பதுபோல ஆட்டுவார். 'டக்' என்று கேட்டால் மூட்டு தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். பிறகு குழல்களை நூலில் தொங்கவிட்டு, விரல் முட்டியால் ஒரு தட்டு. மணிபோல ஒலித்தால் முகம் மலரும். தகர டப்பா சத்தம் வந்தால் மீசை தொங்கிவிடும். எல்லாவற்றுக்கும் கடைசியில், பழைய பனியனில் சுற்றி வைத்திருக்கும் அளவுக் கருவியை எடுத்து இரும்பின் கனத்தைப் பார்ப்பார்.

ஒரு பண்ணை மேனேஜர் ஒருமுறை விடாப்பிடியாக நின்றார். "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் சார். இத ரிப்பேர் பண்றதுக்குப் பதிலா, திருப்பிப் பிடிச்சு பன்னிய அடிங்க. அதுக்கு நல்லா இருக்கும்" என்று சொல்லி அனுப்பிவைத்தார் வேணாம் அண்ணன். மேனேஜர் கோபித்துக்கொண்டு போய், அடுத்த மாதம் வேறொரு துப்பாக்கியோடு இவரிடமே வந்தார்.

அப்படிப்பட்டவர் ஒரே ஒரு இரட்டைக் குழல் துப்பாக்கிக்கு மட்டும் வாரக்கணக்கில் தீர்ப்புச் சொல்லாமல் இழுத்தடித்தார். கொண்டுவந்தவர் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன். துப்பாக்கி மறைந்த மாமனாருடையது.

மாமனார் படுத்த படுக்கையானதை மச்சான் தங்கைக்குத் தாமதமாகத்தான் சொல்லி அனுப்பினார். அவள் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அன்று வாசலில் நின்று அவள் அண்ணனைக் கேட்காத கேள்வி இல்லை. அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை. சமையலறையில் அவள் பாடுவதும் நின்றுபோனது.

இப்போது தோட்டத்தில் காட்டுப்பன்றித் தொல்லை. வேறு வழியில்லாமல் மச்சான் துப்பாக்கியோடு வந்து நின்றார். பட்டறை வீட்டின் முன்னறை. அதற்கும் சமையலறைக்கும் நடுவே ஒரு திரைதான். திரை விலகி ஒரு டீ வந்தது, கொண்டுவந்தவள் அண்ணன் முகத்தைப் பார்க்காமல் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். மச்சான் அவசரமாகக் குழலைக் காட்டினார். "உள்ள பாருங்க மாப்ளே. ஒரே துரு. ட்ரில் மெஷின்ல எமரி தாளைச் சுத்தி நானே தேய்ச்சேன். கண்ணாடி மாதிரி ஆயிடுச்சு. ஒரு பக்கம் விசைதான் விழ மாட்டேங்குது."

உள்ளே கண்ணாடி மாதிரிதான் இருந்தது. தட்டினால் மணியும் அடித்தது. அளவுக் கருவியை வைத்ததும் வேணாம் அண்ணனின் வாய் மூடிக்கொண்டது. சரியாக இடது கை பிடிக்கிற இடத்தில் இரும்பு மெலிந்து கிடந்தது. அப்பாவின் பொருளென்று ஆசையாசையாகத் தேய்த்து, துருவோடு குழலையும் தேய்த்துவிட்டார் மகன்.

'வேணாம்' என்று சொல்ல வாயெடுத்தார். திரைக்கு அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் நின்றுபோயிருந்தது, அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். "ஒரு ஸ்பிரிங் வரணும் மச்சான். அடுத்த வாரம் வாங்க" என்றார்.

அடுத்த வாரமும் ஸ்பிரிங் வரவில்லை. "சக்கரை போதுமா?" என்று அவள் அண்ணனிடம் கேட்டாள். அதற்கடுத்த வாரம் மச்சான் தோட்டத்துப் பழங்களைக் கொண்டுவந்தார். ஸ்பிரிங் அப்போதும் வரவில்லை. பிறகு பட்டறை நாற்காலியை மச்சான் தொடுவதே இல்லை. நேராகத் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவார். அண்ணனும் தங்கையும் அப்பாவின் குறட்டையைப் பற்றிப் பேசிச் சிரிக்கும் சத்தம் கேட்கும். ஒருநாள் சிரிப்புக்கு நடுவில் அழுகையும் கேட்டது. வேணாம் அண்ணன் அரத்தைக் கையில் எடுத்து, அராவவே வேண்டாத ஓர் இரும்புத் துண்டை அராவிக்கொண்டிருந்தார். வெகுநாளாக அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

போன வாரம் மச்சான் குண்டைத் தூக்கிப் போட்டார். "ஸ்பிரிங் வராட்டி போகட்டும் மாப்ளே. ஒரு பக்கம் விசை விழுதுல்ல, அது போதும். தோட்டா வாங்கி வச்சுட்டேன். ஞாயித்துக்கிழமை எடுத்துட்டுப் போறேன்."

அவர் போனதும் மனைவி வந்து நின்றாள். "அது சரியாகாதுதானே?"

"ஆகாது. சுட்டா வெடிக்கும்."

"எப்பத் தெரியும்?"

"வந்த அன்னிக்கே."

"ஊருக்கெல்லாம் பட்டுனு சொல்றீங்க. அண்ணன்கிட்ட சொல்ல என்ன?"

"நீ மறுபடியும் பாட ஆரம்பிச்சிருக்க" என்றார் அவர் அரத்தைப் பார்த்துக்கொண்டே. "சொல்லிட்டா அவர் எதுக்கு வரப்போறாரு?"

அவள் முந்தானையால் மேஜையைத் துடைத்தாள். மேஜையில் தூசி இல்லை. "சொல்லிடுங்க. வராட்டிப் பரவாயில்ல. எங்கண்ணனுக்குக் கை வேணும்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தபோது வேணாம் அண்ணன் அவரை நாற்காலியில் உட்காரவைத்தார். ஜன்னலை முழுசாகத் திறந்தார். எதையும் கண்ணில் வைத்துப் பார்க்கவில்லை.

"வேணாம் மச்சான். குழல் மெலிஞ்சு போச்சு. சுட்டா உங்க கை போயிடும்."

மச்சான் குழலை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் தடவிக்கொண்டே இருந்தார். "நான் தேய்ச்சதாலயா?"

தொழிலில் அந்த ஸ்பிரிங்கைத் தவிர இதுவரை வேறு பொய் சொல்லாத மனிதர் உடனே சொன்னார்: "சேச்சே. வயசு மச்சான். இரும்புக்கும் வயசாகுமில்ல. பன்னிக்கு நான் வேற துப்பாக்கி பாத்துத் தர்றேன்."

திரையைப் பிடித்தபடி அவள் நின்றிருந்தாள். கையில் டீ. கொடுக்கவும் இல்லை, உள்ளே போகவும் இல்லை. மச்சான் எழுந்து குழலை மட்டும் கோணியில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கினார்.

"இத இன்னிக்குக் கொண்டுபோறேன். கட்டைய அடுத்த வாரம் வந்து எடுத்துக்கறேன். எல்லாத்தையும் ஒரேயடியா யாரு சுமக்கிறது?" என்றார், முழுத் துப்பாக்கியையும் ஒற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்த அந்த மனிதர். பிறகு தங்கையிடம் டீயை வாங்கி நின்றபடியே குடித்துவிட்டுப் போனார்.

அவர் தெருமுனை திரும்பியதும் வேணாம் அண்ணன் மேஜைக்கு வந்தார். தோளில் சாய்க்கிற கட்டையும் முன்கட்டையும் ஒரே நூலில் சேர்த்துக் கட்டிக் கிடந்தன. முடிச்சை அவிழ்த்தார். கட்டையை மேஜையிலேயே விட்டுவிட்டு, "இது அதுக்கும் அடுத்த வாரம்" என்று மனைவியிடம் சொல்லி, முன்கட்டையைத் தனியாக மேல் தட்டில் ஏற்றி வைத்தார்.