அன்ரன் அண்ணையின்ரை கியர் ஒயில்

படகு மோட்டர் திருத்திறது நல்ல தொழில், படகு வைச்சிருக்கிற ஆக்கள் மட்டும் இல்லையெண்டால்.

கார் திருத்திறவை, பிளம்பிங் செய்யிறவை, கொம்பியூட்டர் பாக்கிறவை, நீங்கள் ஆராய் இருந்தாலும் நான் சொல்லப்போறது உங்களுக்கு விளங்கும். நீங்களும் என்னைப் போலை பட்டிருப்பியள். இந்தக் குளிர்நாட்டிலை, மில்லிக்கன் எண்ட இடத்திலை ஒரு பிளாஸா, கடைத்தொகுதி. முன்பக்கம் கொத்துரொட்டிக் கடை, பின்பக்கம் என்ரை கராஜ். ஐஸ் கரைஞ்சு ஏரி திறக்கிற நேரம் உழைச்சால் தான் எனக்குக் குளிர்காலத்திலை சாப்பாடு.

படகு தெரியாத ஆக்களுக்கு ஒண்டு சொல்லிவிடுறன். படகுக்குப் பின்னாலை கொழுவிற மோட்டரின்ரை கால் தண்ணிக்கை நிக்கும். அந்தக் காலுக்குள்ளை பல்லுச்சில்லுகள் ஒயிலுக்கை சுத்தும். அது தான் கியர் ஒயில். வருசத்துக்கு ஒருக்கால் மாத்தவேணும். பழைய ஒயில் கறுப்பாய் வந்தால் பயமில்லை. பால்தேத்தண்ணி நிறத்திலை வந்தால் உள்ளுக்கை தண்ணி போயிட்டுது எண்டு அர்த்தம். இவ்வளவு தான் விசயம். இதைச் சொல்லிச் சொல்லியே என்ரை தொண்டை காஞ்சு போச்சு.

வீடு விக்கிறவர்

மோர்னிங்சைட்டிலை இருந்து ஒருத்தர் வந்தார். வீடு விக்கிற ஏஜென்ற். பஸ் தரிப்பிலை இருக்கிற வாங்கிலை கூட விளம்பரத்திலை அவரின்ரை முகம் சிரிச்சுக்கொண்டிருக்கும். படகு வாங்கின நாளிலை இருந்து அவர் ஒயில் மாத்தினதே இல்லை. உள்ளுக்கை போன தண்ணி குளிருக்கு ஐஸாகி, மோட்டரின்ரை கால் நெடுக்க வெடிச்சுப் போச்சு.

தண்ணி போனதாலை தான் வெடிச்சது எண்டு சொன்னன். சனத்துக்கு வீடு காட்டேக்கை சமையலறைக் கல்லைத் தடவுவார் எல்லே, அதே மாதிரி அந்த வெடிப்பையும் தடவிப் பாத்தார். பிறகு எனக்குப் புத்தி சொல்ல வெளிக்கிட்டார்.

"தண்ணிக்கை விடுற சாமானுக்குத் தண்ணி போகாமல் பின்னை கோப்பியே போகும்?"

வீடியோ பாத்தவர்

கொம்பியூட்டர் கொம்பனியிலை வேலை செய்யிற இந்தியப் பொடியன் ஒருத்தன். கோயம்புத்தூர்ப் பக்கம். மரியாதையான பிள்ளை, அதைக் குறை சொல்லமாட்டன். வீடியோ ஒண்டைப் பாத்துத் தானே கியர் ஒயில் மாத்தியிருக்கிறான்.

மோட்டர்க் காலிலை ரெண்டு ஓட்டை இருக்கும், மேலை ஒண்டு, கீழை ஒண்டு. புது ஒயிலைக் கீழ் ஓட்டையாலை பம்ப் பண்ணவேணும். மேல் ஓட்டையாலை வழிஞ்சால் தான் நிரம்பினது. அப்ப தான் உள்ளுக்கை இருக்கிற காத்து வெளியாலை போகும். இவன் மேலாலை ஊத்தியிருக்கிறான். காத்து சிக்கினதாலை ஒரு சிறங்கை ஒயில் கூட இறங்கேல்லை, வழிஞ்சதைப் பாத்து நிரம்பிட்டுது எண்டு மூடிப்போட்டான். சிம்கோ ஏரிக்கு நடுவிலை பல்லுச்சில்லு அரைபட்டுக் கத்தியிருக்குது. ஆரோ கயிறு கட்டிக் கரைக்கு இழுத்து வந்தவையாம். உந்த வீடியோக்காரனை நம்பி ஏன் மினைக்கெட்டனீர் எண்டு கேட்டன்.

"அண்ணா, அந்த வீடியோவுக்குக் கீழ எல்லாருமே சூப்பர்னு தான் போட்டிருக்காங்க."

சொந்த ஒயில்

இனி எங்கடை ஊர் ஆக்களுக்கு வாறன். எங்கடை ஆக்கள் ஒயிலை வீட்டிலை இருந்து கொண்டு வருவினம். எங்கையோ மலிவு போட்டதெண்டு வாங்கிக் குசினிக்குக் கீழை அடுக்கி வைச்சிருப்பினம். முன்னுக்கு இருக்கிற கொத்துக்கடைக்கு ஆரும் ரொட்டி கட்டிக்கொண்டு போறவையோ? என்னட்டை மட்டும் ஏன் இந்த விளையாட்டு? ஆனால் வேண்டாம் எண்டால் படகோடை திரும்பிப் போயிடுவினம்.

அன்ரன் அண்ணையும் அப்பிடித் தான். ஊரிலை தீவுப்பக்கம், கத்தோலிக்கர். கோயிலிலை அவர் ஒரு சொல்லுச் சொன்னால் கடைசி வாங்கு வரைக்கும் போகும். இந்த வசந்தம் அவரின்ரை மோட்டரைத் திறந்தால் ஒயில் பால்தேத்தண்ணி. மீன்பிடிக்கிற நூல் படகைத் தள்ளுற விசிறிக்குப் பின்னாலை சுத்தி, தண்ணியை மறிக்கிற றப்பர் வளையத்தை, சீல் எண்டு சொல்லுறதை, வெட்டிப்போட்டுது. புதுச் சீல் போட்டு, அவர் கொண்டு வந்த ஒயிலை விட்டு, கொஞ்சம் ஓடிப்போட்டுக் கொண்டு வாங்கோ எண்டு அனுப்பினன்.

கொண்டு வந்தார். பால்தேத்தண்ணி. ஒயிலை வடிச்சு, உள்ளுக்கை காத்தடிச்சு, காத்தை அளக்கிற மீற்றரின்ரை முள் இறங்குதோ எண்டு கண் வெட்டாமல் பாத்துக்கொண்டு நிண்டன். அசையேல்லை. சீலிலை ஒரு பிழையும் இல்லை. அவர் கொண்டு வந்த அடுத்த போத்தில் ஒயிலை விட்டு அனுப்பினன். அடுத்த கிழமையும் அதே பால்தேத்தண்ணி. அன்ரன் அண்ணை கையைப் பின்னாலை கட்டிக்கொண்டு என்னை மேலையும் கீழையும் பாத்தார்.

"தம்பி, பழந்துணியைச் சுத்தி விட்டிருந்தாலும் உம்மடை சீலை விடத் திறமாய் நிண்டிருக்கும்."

பூசை முடிஞ்ச பிறகு

அதை என்னட்டைச் சொன்னதோடை விட்டிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிஞ்சு தேத்தண்ணி குடிக்கிற இடத்திலையும் சொல்லியிருக்கிறார். திங்கள் தொடங்கி, வாறம் எண்டு சொல்லி வைச்ச ஆக்கள் ஒவ்வொருத்தராய்க் கழண்டினம். ஒருத்தருக்குச் சுகமில்லை, ஒருத்தருக்கு நேரமில்லை. முன்னுக்குக் கொத்துப் போடுற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் ஈ ஓட்டினன்.

எனக்குச் சரியான கோவம், அதை விடப் பயம். ஏரி திறந்த நேரம் என்ரை பேர் கெட்டால் இந்த வருசம் கராஜைப் பூட்டவேண்டியது தான். என்ரை மனிசி தான் எனக்குப் போன் எடுத்துப் பதில் சொல்லிறவ. கடைசியாய்க் கழண்டவரோடை கதைச்சு முடிச்சுப்போட்டு என்னைப் பாத்தா.

"இஞ்சேருங்கோ, உண்மையிலை நீங்கள் உந்தச் சீலைச் சரியாய்த் தான் போட்டனீங்களோ?"

கைப்பை

அடுத்த தரம் அன்ரன் அண்ணை மனிசியையும் கூட்டிக்கொண்டு வந்தார். றீற்றா அக்கா. நான் கெட்ட ஒயிலை வடிச்சுப்போட்டு அவையின்ரை புதுப் போத்திலைத் திறந்தன். பம்பின்ரை குழாயை உள்ளுக்கை விடப் போக, "பொறுங்கோ தம்பி" எண்டா. கைப்பையைத் திறந்து, நீல மூடி போட்ட மாதா வடிவப் போத்தில் ஒண்டை எடுத்தா. கோயிலிலை ஃபாதர் மந்திரிச்சுக் குடுத்த தண்ணி.

"போன ரெண்டு போத்தில் ஒயிலுக்கையும் வீட்டிலையே விட்டுத் தந்தனான். இண்டைக்கு வெளிக்கிட்ட அவசரத்திலை மறந்து போனன்" எண்டா.

எவ்வளவு விட்டனீங்கள் எண்டு கேட்டன். கனக்க இல்லையாம், அந்த மாதாப் போத்திலிலை பாதி தானாம். தண்ணி ஒயிலுக்கு அடியிலை போய் நிக்கும், பம்பும் அடியிலை இருந்து தான் இழுக்கும். அப்பிடியெண்டால் அந்தத் தண்ணியை என்ரை கையாலை நானே ஏத்தியிருக்கிறன். அன்ரன் அண்ணை சுவரிலை மாட்டின பழைய விசிறிகளை எண்ணிற மாதிரி நிண்டார். மந்திரிச்ச தண்ணியும் தண்ணி தான் அக்கா, பல்லுச்சில்லுக்கு வித்தியாசம் தெரியாது எண்டு பொறுமையாய் விளங்கப்படுத்தினன். அவ என்னைப் பாவம் எண்டு பாத்தா.

"மந்திரிச்ச தண்ணி விட்டே உங்கடை வேலை இப்பிடியெண்டால், விடாட்டி என்ன கதியாகியிருக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ தம்பி."

அடுத்த ஞாயிறு

கடைசியிலை ஒரு சமாதானத்துக்கு வந்தம். உள்ளுக்கை ஒரு சொட்டும் விடமாட்டன், வெளியாலை விருப்பம் போலை தெளியுங்கோ எண்டன். அக்கா விசிறிக்கும் தெளிச்சு, எனக்கும் தெளிச்சா. நான் என்ரை கராஜ் அலுமாரித் தட்டிலை இருந்த புது ஒயிலை விட்டு அனுப்பினன். ஓடிப்போட்டுக் கொண்டு வந்தினம். திறந்து பாத்தால் ஒயில் விட்ட மாதிரியே இருந்தது. எனக்கு அழுகை வந்திட்டுது, கண்ணிலை ஒயில் பட்டிட்டுது எண்டு சமாளிச்சன்.

ஞாயிறு பூசைக்குப் பிறகு அன்ரன் அண்ணை உண்மையைச் சொல்லியிருப்பார் போலை. திங்கள் விடியவே போன் அடிக்கத் தொடங்கிச்சுது. மனிசி என்னைப் பெருமையாய்ப் பாத்தா. கழண்ட ஆக்களிலை முதல் ஆள் அண்டைக்கே படகை இழுத்துக்கொண்டு வந்தார். காராலை இறங்கி, பக்குவமாய்க் கிட்ட வந்து கேட்டார்.

"தெளிச்ச பிறகு தான் சரிவந்தது எண்டு அன்ரன் அண்ணை சொன்னவர், தண்ணி நீங்கள் வைச்சிருக்கிறியளோ, நாங்கள் கொண்டு வரவோ?"

ஒயிலுக்கை தண்ணி போகவிடாமல் காவல் நிக்கிறது தான் என்ரை தொழில், இப்ப அந்தத் தண்ணியாலை தான் என்ரை வீட்டிலை அடுப்பெரியுது.