நவம்பரில் நாலு மணிக்கு இருட்டும்

1. போனில் வந்த சேதி

ஸ்காட்லாந்தில் நவம்பர் மாதம் மாலை நாலு மணிக்கே இருட்டிவிடும் என்று எனக்குத் தெரியவந்தபோது, தேவசகாயம் சாருக்கும் அவர் மனைவிக்கும் நவம்பரில் அங்கே போய்வர டிக்கெட் புக் ஆகியிருந்தது. அட்வான்ஸும் வாங்கியாகிவிட்டது.

தொண்ணூறுகளின் தொடக்கம். மேற்குத் தாம்பரத்தில், ஸ்டேஷன் பக்கம் ஒரு ஸ்வீட் ஸ்டாலின் மாடியில் இருந்த டிராவல் ஏஜென்சியில் நான் டிக்கெட்டிங் கிளார்க். எங்களிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர்கள். படப்பையிலிருந்து எலக்ட்ரீஷியன், பெருங்களத்தூரிலிருந்து வெல்டர். துபாய், மஸ்கட், தோஹா. இந்த மூன்று ஊர்களின் டிக்கெட்டைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவேன். அப்போது டிக்கெட்டைக் கையால்தான் எழுத வேண்டும். கார்பன் சிவப்பு விரலைவிட்டுப் போகவே போகாது.

சுற்றிப் பார்க்க வெளிநாடு போகிறோம் என்று எங்கள் படியேறி வந்த முதல் தம்பதி இவர்கள்தான். அதனால்தான் எனக்கு அவ்வளவு ஆர்வம். தங்கும் இடத்தை நானே பேசி முடிக்கிறேன் என்று முதலாளி சம்பந்தம் சாரிடம் கெஞ்சி, ஐ.எஸ்.டி. போட அனுமதி வாங்கினேன். மலையும் ஏரியுமாக இருக்கும் ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு அம்மாள் தன் வீட்டிலேயே அறை வாடகைக்கு விட்டு, காலைச் சாப்பாடும் போடுகிறவர். அவர் பேசிய இங்கிலீஷ் எனக்குப் பாதிதான் புரிந்தது. "டாக் பை த டோர்" என்று என்னவோ சொன்னார். வாசலில் நாய் இருக்கிறது போல என்று நினைத்து, "நோ பிராப்ளம் மேடம், தே லைக் டாக்ஸ்" என்றேன். அந்த அம்மாள் சிரித்துவிட்டு ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார். நாய் இல்லை. டார்க் பை ஃபோர். நாலு மணிக்கு இருட்டிவிடும். மழை வேறு. டூரிஸ்ட் பஸ்ஸெல்லாம் நிறுத்திவிடுவார்கள். "தெரிந்துதானே வருகிறார்கள்?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. பிறகு கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

2. குடையால் ஆடிக் காட்டியது

தேவசகாயம் சார் குரோம்பேட்டைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியராக இருந்து ரிட்டயர் ஆனவர். வேலையில் இருந்தபோது அவருடைய பாஸுக்குக் கோல்ஃப் ஆடத் துணைக்கு ஓர் ஆள் குறைந்தது. "நீ வாய்யா" என்று ஒரு சனிக்கிழமை கிண்டி கோல்ஃப் மைதானத்துக்கு இழுத்துப் போனார். அதிலிருந்து இவருக்குப் பிடித்துக்கொண்டது. பாஸ் வேறு ஊர் போன பிறகும் இவர் விடவில்லை.

முதல் நாள் வந்தபோதே நான் கேட்டேன்.

"சார், தப்பா நினைக்காதீங்க. கோல்ஃப்னா என்ன பண்ணுவாங்க?"

அவர் கோபப்படவில்லை. எழுந்து நின்று, கையிலிருந்த குடையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, ஒரு காகித உருண்டையைத் தரையில் வைத்து அடித்துக் காட்டினார். "இது இங்கிருந்து சேலையூர் ஏரி வரைக்கும் போகணும்னு வெச்சுக்க. அங்க ஒரு குழி. அதுல விழணும். அவ்வளவுதான்."

டிக்கெட்டுக்காகக் காத்திருந்த படப்பைப் பையன் ஒருவன் என்னிடம் மெதுவாகக் கேட்டான். "இன்னாக்கா, இத்துக்கா சார் பிளேன் ஏறிப் போறாரு?"

அவர் காதிலும் விழுந்தது. "ஆமாம்பா. அந்த ஆட்டம் பொறந்த ஊரே அதுதான். ஒரு தடவை அங்க ஆடிடணும். சீசன்ல போனா நமக்குக் கட்டுப்படியாகாது. மழைக் காலத்துல மைதானத்துக்கும் பாதிக் கட்டணம்தான்" என்றார்.

ஆஃப் சீசன் யோசனை அவருடையது. நவம்பர் என்று தேதி குறித்தது எங்கள் முதலாளி. நவம்பர் முதல் தேதியிலிருந்து ஏர்லைனில் லோ சீசன் கட்டணம், கூட்டம் குறைந்த மாதங்களின் மலிவு விலை. மாஸ்கோ வழியாகப் போனால் இன்னும் குறைவு. கணக்குச் சரியாக வந்தது. நானும் அதற்கு மேல் கேட்கவில்லை.

அவர் மனைவி ரூபி அம்மா கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் புவியியல் டீச்சராக இருந்தவர். ரெண்டு தடவை கூட வந்திருந்தார். "உங்களுக்கு ஏதாவது பார்க்கணுமாம்மா?" என்று ஒருமுறை கேட்டேன். "மலைப் பக்கம் ஒரு நாள் போனாப் போதும்" என்றார். அதற்கு மேல் பேசவில்லை.

3. சம்பந்தம் சாரின் கட்சி

போனில் கேட்டதைச் சம்பந்தம் சாரிடம் சொன்னேன். அவர் ரப்பர் ஸ்டாம்ப் குத்திக்கொண்டே கேட்டார்.

"இப்போ அதுக்கு என்ன பண்ணணும்ங்கற?"

"அவங்களுக்குச் சொல்லிடலாம் சார்."

"சொன்னா கேன்சல் பண்ணுவாங்க. டிக்கெட் விக்கிறதுதான்மா நம்ம வேலை. சூரியன் எப்போ மறையுதுன்னு பார்க்கறது நம்ம வேலை இல்ல."

அவர் கெட்ட மனிதர் இல்லை. கடைக்கு அதுவரை கிடைத்த பெரிய ஐரோப்பா டிக்கெட் அது. ஆனால் நான் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். காலையில் எட்டு மணிக்கு விடிந்து நாலு மணிக்கு இருட்டினால், அதில் சார் எப்போது ஆடுவார், எப்போது ஊர் பார்ப்பார்கள்? ஓர் ஆட்டத்துக்கே நாலு மணி நேரம் ஆகும் என்று அவரே சொல்லியிருந்தார். ஒன்று அவர் ஆட வேண்டும், இல்லையென்றால் அந்த அம்மா மலை பார்க்க வேண்டும். மழையில் ரெண்டுக்கும் நேரம் போதாது. இவர்கள் இன்னொரு தடவை போகப்போகிறவர்களும் இல்லை.

மறுநாள் அவர்கள் பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ள வந்தார்கள். விசா குத்தி வந்திருந்தது. சம்பந்தம் சார் எதிரிலேயே சொல்லிவிட்டேன்.

4. ரூபி அம்மா பேசியது

தேவசகாயம் சார் முகம் சுருங்கிவிட்டது. "நாலு மணிக்கா? யாரு சொன்னா?" என்று முதலாளியைப் பார்த்தார். முதலாளி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அப்போது ரூபி அம்மா சொன்னார். "எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"நாலு மணிக்கு இருட்டிடும்னு தெரியும். நாம பதிமூணு டிகிரி அட்சரேகைல இருக்கோம். அது அம்பத்தேழு டிகிரி."

"தெரிஞ்சுமா சொல்லாம இருந்தே?"

"சொன்னா நீங்க வேணாம்னு விட்டுடுவீங்க. முப்பது வருஷமாப் பனியாறு வெட்டின பள்ளத்தாக்கு எப்படி இருக்கும்னு போர்டுல படம் போட்டேன். ஒண்ணைக்கூடப் பார்த்ததில்ல. ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரம் வெளிச்சம் கிடைச்சாக்கூடப் பார்த்துக்கலாம்னு இருந்தேன்."

சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். சம்பந்தம் சார்கூட ஸ்டாம்பைக் கீழே வைத்துவிட்டார்.

ரூபி அம்மாதான் என்னிடம் கேட்டார். "மீனா, இந்தக் குறைஞ்ச கட்டணம் எது வரைக்கும்மா?"

ஃபேர் ரூல் என்கிற கட்டண விதிகளைப் பார்த்தேன். கிறிஸ்துமஸ் சமயம் தவிர, மார்ச் கடைசி வரை. லோ சீசனுக்குள்ளேயே தேதி மாற்றினால் அபராதம் இல்லை என்றும் போட்டிருந்தது. நானே எத்தனையோ தடவை படித்த பக்கம்தான்.

"அப்ப மார்ச்ல போலாமே" என்றார். "மார்ச் இருபத்தொண்ணு வாக்குல உலகம் பூராவும் பகலும் ராத்திரியும் சமம். தாம்பரத்துல எவ்வளவு நேரம் பகலோ அங்கயும் அவ்வளவு நேரம். எட்டாங் கிளாஸ் பாடம்தான் இது."

சம்பந்தம் சார் எழுந்து வந்து ஃபேர் ரூலைத் தானே ஒருமுறை படித்தார். "கட்டணம் மாறாது" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டார். பிறகு எல்லோருக்கும் காபி சொன்னார்.

5. தபால் வண்டி

அதற்குப் பிறகுதான் எனக்கு நிஜமான வேலை. மவுண்ட் ரோட்டில் ஏர்லைன் ஆபீஸுக்குப் போய்த் தேதியை மாற்றினேன். அந்த வீட்டுக்கார அம்மாளை மறுபடி கூப்பிட்டேன். டிசம்பரில் மூடினால் ஈஸ்டர் வரை வீட்டைத் திறப்பதில்லையாம். ஆனாலும் இவர்களுக்காகத் திறக்கிறேன் என்றார். டூரிஸ்ட் பஸ் மார்ச்சிலும் ஓடாது. அப்படியென்றால் மலைப் பக்கம் எப்படிப் போவது? வாடகைக் கார் கட்டுப்படியாகாது.

ஊர்க்காரர்கள் குளிர் காலத்தில் எதில் போவார்கள் என்று கேட்டேன். தபால் வண்டியில் என்றார். வீடு வீடாகக் கடிதம் போட்டுக்கொண்டு போகும் சின்ன வேன். நாலைந்து பேர் உட்காரலாம். சொற்பக் கட்டணம். பள்ளத்தாக்கின் கடைசி வீடு வரை போய்த் திரும்பும். இதைவிட நல்ல டூரை நான் யோசித்தாலும் கண்டுபிடித்திருக்க முடியாது.

6. அவர்கள் திரும்பி வந்து சொன்னது

ஏப்ரல் வெயிலில் ரெண்டு பேரும் படியேறி வந்தார்கள். முதல் சில நாள் ஆலங்கட்டி மழையாம், பனியாம். கோல்ஃப் மைதானத்தை மூடிவிட்டார்கள். சார் ஜன்னலோரம் உட்கார்ந்து மழையையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

"அப்புறம் வேற வழியில்லாம இவளோட தபால் வண்டில ஏறினேன்" என்றார். "ரெண்டு பக்கமும் செங்குத்தா மலை, நடுவுல தட்டையா நிலம். வண்டியைக் கொஞ்சம் நிறுத்தச் சொன்னா. எறங்கி நின்னு, பனி எந்தப் பக்கமா வந்தது, எங்க உரசிச்சு, எங்க கல்லைப் போட்டுட்டுப் போச்சுன்னு எனக்குச் சொன்னா. டிரைவரும் எறங்கி வந்து கேட்டுக்கிட்டு நின்னார். முப்பது வருஷமா இவ கிளாஸ்ல என்ன பேசுவான்னு எனக்குத் தெரியாதும்மா. அன்னிக்குத்தான் கேட்டேன்."

அதற்கப்புறம் மழை விட்ட நாளிலும் அவர் ஆட்டத்துக்குக் கிளம்பாமல் வண்டிக்குத்தான் போனாராம். கடைசியில் வானம் நன்றாகத் திறந்தபோது, கடலோர மைதானம் ஒன்றில் ரெண்டு நாள் ஆடினார்.

"எப்படி ஆடினீங்க சார்?"

"கேவலமா ஆடினேன். காத்து பந்தைத் திருப்பி என்கிட்டயே கொண்டு வந்தது" என்றார், சந்தோஷமாக.

ரூபி அம்மா அந்த ரெண்டு நாளும் கூடவே நடந்திருக்கிறார். சீசன் இல்லாததால் பின்னால் ஆடக் காத்திருக்க ஆளில்லை, ஆடாதவர் கூட நடப்பதை யாரும் தடுக்கவில்லை. ஆட்டம் புரிந்ததா என்று அவரைக் கேட்டேன்.

"ஆட்டம் ஒண்ணும் புரியலம்மா" என்றார். "பந்தை அடிச்சிட்டு, அது எங்க போகுதுன்னு கண்ணு மேல கையை வெச்சுப் பார்ப்பார். அப்போ சின்னப் பையன் மாதிரி இருக்கும் முகம். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல அந்த முகத்தை நான் பார்த்ததே இல்ல."

அதன் பிறகு பல வருஷம் அந்த வேலையில் இருந்தேன். இப்போது இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் கம்ப்யூட்டரில் தேதியைத் தட்டினால் மலிவான டிக்கெட் முதலில் வருகிறது. அது ஏன் மலிவு என்று திரையில் வராது. பிள்ளைகளே, அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மழையா, இருட்டா, கடை அடைப்பா என்று தெரிந்துவிட்டால், பாதிச் சமயம் அதைச் சமாளிக்க வழியும் இருக்கும். இன்னொன்று. ரெண்டு பேர் வந்து ஒருவர் மட்டும் பேசினால், டிக்கெட் எழுத அவசரப்படாதீர்கள். பேசாதவரிடம் ஒரு தடவைக்கு ரெண்டு தடவை கேளுங்கள். முதல் தடவை அவர்கள் எதுவானாலும் சரி என்றுதான் சொல்வார்கள்.