டீச்சர் கேட்காத அறிவிப்பு

எங்கள் பேருந்து நிலையத்தில் அறிவிப்பு அக்காவைத் தெரியாத ஆளே கிடையாது. முகத்தை அல்ல, குரலை. அவர் மைக் முன்னால் உட்கார்ந்திருப்பார், பக்கத்து மேசையில் நான் வண்டிகளின் நேரம் குறிப்பேன். நாள் முழுக்க வம்புப் பேச்சுதான். ஆனால் வாய்க்கு முன்னால் மைக்கோ போனோ வந்துவிட்டால் போதும், முதுகு நிமிர்ந்துவிடும், குரல் இஸ்திரி போட்ட மாதிரி ஆகிவிடும்.

அவர் மகள் சிட்டு ஆறாம் வகுப்பு. எழுதச் சொன்னால் கை அப்படியே நின்றுவிடும். கேள்வி கேட்டால் வாயால் கடகடவென்று சொல்லிவிடுவாள். இதை டீச்சரிடம் சொல்வதற்குள் அக்காவுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. “சிட்டு எதுவும் எழுதுவதில்லை, கவனிக்கவும்” என்று பள்ளி எண்ணிலிருந்து டீச்சரின் செய்தி வரும். டீச்சரின் சொந்த எண்ணுக்குப் போன் போட்டால் எடுக்க மாட்டார். பள்ளி விடும் நேரத்தில்தான் இங்கே கூட்டம் அள்ளும், நேரில் போக வழியில்லை. அதனால் “ஆசிரியையின் கனிவான கவனத்திற்கு” என்று ஆரம்பித்துக் குரல் செய்தியாக அனுப்பிக்கொண்டே இருந்தார். ஒன்றுக்கும் பதில் இல்லை. எனக்கே பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு சாயங்காலம் டீச்சரின் செய்தி: அடுத்த வருடமும் சிட்டு ஆறாம் வகுப்பிலேயே. நாளைக்கு அறிவிப்பு ஒட்டிவிடுவார்களாம்.

“கூடப் படிச்சதுங்க எல்லாம் மேல போக, எம் புள்ள மட்டும் அங்கேயே உக்காரணுமா?” அக்காவின் கண் கலங்கிவிட்டது. அதே கண்ணோடு ஜன்னல் பக்கம் திரும்பியவர் துள்ளி எழுந்தார். “தம்பி, அங்க பாரு! டீச்சரு!”

ஊதாக் குடையோடு, புறப்பட உறுமிக்கொண்டிருந்த வண்டியை நோக்கி டீச்சர் ஓடிக்கொண்டிருந்தார். அக்கா மைக்கைப் போட்டார்.

“அக்கா, வேலை போயிடும்!”

“பயணிகளின் கனிவான கவனத்திற்கு. ஊதாக் குடையுடன் செல்லும், சிட்டுவின் டீச்சர் உடனே அறிவிப்பு அறைக்கு வரவும். வண்டி காத்திருக்கும்.”

காத்திருக்குமா? யாரைக் கேட்டுச் சொன்னார்? டிரைவர் என்னைப் பார்த்தார். என்ன ஆனாலும் ஆகட்டும் என்று நானே கையைக் காட்டி நிறுத்தினேன்.

டீச்சர் மூச்சு வாங்க வந்தார். அக்காவையும் மைக்கையும் மாறி மாறிப் பார்த்தார். “அந்தக் குரல் நீங்களா? ஐயோ, ஏதோ விளம்பரம்னு நெனச்சு மொத வரியிலேயே அழிச்சுட்டேனே!”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அக்கா சிரிக்கவில்லை. “ஒரே ஒரு தடவ அவகிட்ட கேள்வி கேட்டுப் பாருங்க டீச்சர். வாயால சொல்லுவா.”

மறுநாள் காலை அக்காவோடு நானும் பள்ளிக்குப் போனேன். அதைப் பார்க்காமல் இருக்க முடியுமா? “மழை எப்படி வருது, சொல்லு” என்றார் டீச்சர். சிட்டு மிரண்டு நின்றாள். சட்டென்று மேசையிலிருந்த சாக்பீஸை எடுத்து வாய்க்கு முன்னால் பிடித்தாள். முதுகு நிமிர்ந்தது.

“மாணவர்களின் கனிவான கவனத்திற்கு. கடலிலிருந்து புறப்படும் நீராவி, மேகமாகி, மலை வழியாகச் சென்று, மழையாக வந்து சேரும்.”

இந்த முறை டீச்சர் முதல் வரியோடு நிறுத்தவில்லை. கேள்வி மேல் கேள்வி கேட்டார், சிட்டு விடவே இல்லை. கடைசியில் டீச்சர் அந்தச் சாக்பீஸை வாங்கித் தன் வாய்க்கு முன்னால் பிடித்தார்.

“பெற்றோரின் கனிவான கவனத்திற்கு. ஏழாம் வகுப்பு செல்லும் சிட்டு, புறப்படத் தயாராக இருக்கிறாள்.”

நான் கை தட்டினேன். அக்காவுக்குத்தான் குரலே வரவில்லை.