நாகலெட்சுமியின் உள்ளங்கைச் சீனி

நாகலெட்சுமி பிறந்த அன்று வானத்தில் விசேஷமாக எதுவும் நடக்கவில்லை. தலவாக்கலைப் பக்கம் மழை பெய்துகொண்டிருந்தது என்பதைத் தவிர அந்த நாளைப் பற்றி வேறு தகவல் இல்லை. அந்தப் பக்கத்தில் மழை பெய்யாவிட்டால்தான் அது தகவல். அதற்குப் பிந்திய ஐம்பத்து நான்கு வருசத்தில் அவள் கொழுந்து பறித்தாள், கலியாணம் கட்டினாள், சுலக்ஷனா என்று ஒரு பெண்ணைப் பெற்று வளர்த்துக் கொழும்பில் துணிக்கடை வேலைக்கு அனுப்பினாள். யாருக்கும் சிலை வைக்கத் தோன்றாத அளவுக்கு ஒழுங்காக வாழ்ந்தாள். ஆனாலும் அவளுடைய வரலாற்றை எழுதியே ஆகவேண்டும். அதற்குக் காரணம் அவளுடைய இடது உள்ளங்கை.

விவரம் தெரியாத வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தோட்டத்தில் தேத்தண்ணி குடிப்பதற்கு இரண்டு கையும் வேண்டும். வலது கையில் கோப்பை. இடது உள்ளங்கையில் சீனி. சீனியை ஒரு நக்கு, தேத்தண்ணியை ஒரு மடக்கு. கோப்பைக்குள் சீனியைக் கொட்டிக் கலக்குவது டவுன்காரர்களின் பழக்கம்; அவர்களுக்குப் பொறுமை கிடையாது, பஸ் பிடிக்க வேண்டியவர்கள்.

நாகலெட்சுமியின் உள்ளங்கையில் முதல் சீனியை வைத்தவர் அவளுடைய புருசன் கந்தப்பன். கலியாணமான மறுநாள் விடியற்காலை. அவர் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். செடியிலும் சரி பேச்சிலும் சரி, அதிகமாக எதையும் விட்டுவைக்க மாட்டார். அன்று அடுப்பை மூட்டித் தேத்தண்ணி ஊற்றி அவள் முன்னால் வைத்தார். பால்மா டின்னிலிருந்து கரண்டியால் அள்ளி அவள் கையில் சீனியைக் குவித்தார். “ம்” என்றார். அவர்களுடைய காதல் வசனம் முழுவதும் அவ்வளவுதான்.

அதன் பிறகு முப்பத்திரண்டு வருசம் காலை தவறாமல் அந்தக் குவியல் வந்தது. அதன் உயரத்தைப் படிக்க நாகலெட்சுமி கற்றுக்கொண்டாள். சாதாரண நாளில் ஒரு கரண்டி. முதல் நாள் சண்டை என்றால் ஒன்றரை. தப்பு தன்னுடையது என்று கந்தப்பனே ஒப்புக்கொண்டால் இரண்டு. நாடே வரிசையில் நின்று சீனி தட்டுப்பாடாகிப்போன வருசத்தில் ஒரு சிட்டிகைதான் வந்தது, ஆனால் அவர் கையில் அதுகூட இல்லை. “எனக்குக் காலம்பற இனிப்புப் பிடிக்கல” என்றார். அவள் நம்பினாள். மனுசன் பொய் சொல்ல அதிகம் பேச வேண்டுமே, அவர்தான் பேசுவதில்லையே என்பது அவளுடைய கணிப்பு.

இப்படிப்பட்ட உள்ளங்கைக்குச் சோதனை, கண் வழியாக வந்தது. 

போன வருசக் கடைசியில் மடுவத்தில் கொழுந்து நிறுக்கையில், கணக்கப்பிள்ளை அவளுடைய கூடையைக் கிளறிப் பார்த்து, “என்னா லெச்சுமியக்கா, முத்தல் எலையெல்லாம் வருது? மலைய மொட்டையடிக்கிறீங்களா?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் அவளுக்குத் தெரியும், குருத்தும் முத்தலும் கொஞ்ச நாளாகவே ஒரே புகையாகத் தெரிந்தன. டவுன் ஆஸ்பத்திரியில் காட்டினாள். இரண்டு கண்ணிலும் படலம், முதலில் வலது கண்ணை வெட்ட வேண்டும், ஆனால் இரத்தத்தில் சீனி இருநூற்று முப்பத்தெட்டு, அது நூற்றைம்பதுக்குக் கீழே இறங்கினால்தான் கத்தி வைக்கலாம் என்றார்கள். இல்லாவிட்டால் புண் ஆறாது. இப்படியே விட்டால் கொஞ்ச நாளில் வெளிச்சம் மட்டும்தான் மிஞ்சும்.

டொக்டர் சிங்களவர், நல்ல மனுசர். தேத்தண்ணிக்குச் சீனி போடுகிறீர்களா என்று சிங்களத்தில் கேட்டார்.

நாகலெட்சுமி சிங்களத்திலேயே, சுத்தமான மனசாட்சியோடு, இல்லை என்றாள்.

டொக்டர் குளிசையைக் கூட்டினார். அடுத்த மாதம் இருநூற்று ஐம்பத்தொன்று. மறுபடியும் அதே கேள்வி, மறுபடியும் அதே பதில். அவள் ஆயுளில் ஒரு தடவைகூடத் தேத்தண்ணிக்குச் சீனி போட்டதில்லை. வைத்திய விஞ்ஞானம் திகைத்து நின்றது. ஒப்பரேசன் இரண்டாவது தடவையும் தள்ளிப்போனது.

சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தவளை, கிளினிக்கில் எடை பார்க்கும் பிரேமினி மிஸி கூப்பிட்டாள். பிரேமினி தோட்டத்து வரிசை வீட்டில், லயத்துக் காம்பராவில் பிறந்து, படித்து, நேர்ஸாக வந்தவள். சீட்டைப் பார்த்தாள், நாகலெட்சுமியின் முகத்தைப் பார்த்தாள், பிறகு மெதுவாக, “அம்மா, இடது கையக் காட்டுங்க” என்றாள்.

“கைக்கு ஒண்ணுமில்ல மிஸி. வருத்தம் கண்ணுல.”

“காட்டுங்களேன்.” உள்ளங்கையைத் தடவிப் பார்த்தாள். “தேத்தண்ணிக்குச் சீனி போடுறதில்ல.”

“இல்ல மிஸி.”

“கையில?”

நாகலெட்சுமி கையை இழுத்துக்கொண்டாள். “கையப் பத்தி டொக்டர் கேக்கலயே” என்றாள்.

பிரேமினி சிரிக்கவில்லை. அதற்குப் பெரிய படிப்பு வேண்டும், அவள் படித்திருந்தாள். “ஒரு நாளைக்கு எத்தன கை?”

எண்ணினார்கள். விடிய கந்தப்பன் வைப்பது ஒன்று. மலையில் பத்து மணித் தேத்தண்ணிக்கு, கூட வேலை செய்யும் வேலாயி வைப்பது ஒன்று. அதை வாங்காவிட்டால் கோபம் என்று அர்த்தம். பகல் ரொட்டிக்கு ஒன்று. வீடு திரும்பியதும் ஒன்று. சுலக்ஷனா கொழும்பிலிருந்து பேசிவிட்டுப் போனை வைத்ததும் ஒன்று. ஒரு கை விரல் முடிந்த பிறகும் மறுகையில் இன்னொரு விரல் மடங்கியது. 

“ஆறாவது?”

“அது சும்மா மிஸி. நேத்து மழ பெஞ்சிச்சு. வீட்டுல யாருமில்ல.”

“சரிம்மா. இதுல பசிக்கு எத்தன?”

நாகலெட்சுமி விரல்களை மறுபடி மடக்கினாள். ஒவ்வொன்றாக விரித்தாள். மடங்கிய விரல் ஒன்றுகூட மிஞ்சவில்லை. “பசிக்கு ஒண்ணும் இல்ல மிஸி” என்றாள், தனக்கே புதிதாகக் கேட்டதுபோல. “பசிக்கு ரொட்டி இருக்கே.”

“அப்ப பசிக்குக் கொறக்கன் ரொட்டி தின்னுங்க, வல்லாரச் சம்பல் தின்னுங்க, வயிறு ரொம்பத் தின்னுங்க. மழைக்கும் போனுக்கும் வேற எதாச்சும் தேடுங்க. அதுக்குச் சீனி மருந்தில்ல. ஒரு மாசம். வாராவாரம் வந்து குத்திப் பாருங்க.”

மறுநாள் விடியற்காலை கந்தப்பனின் கரண்டி வந்தபோது நாகலெட்சுமி கையை மூடிக்கொண்டாள்.

முப்பத்திரண்டு வருசத்தில் அது முதல் தடவை. கந்தப்பன் அசந்துபோனார். முதல் நாள் தான் என்ன செய்தோம் என்று யோசித்தார். எதுவும் நினைவுக்கு வராதபடியால் பெரிய தப்பாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டி, கரண்டியை மறுபடி டின்னுக்குள் விட்டு, இரண்டரைக் கரண்டிக்குக் குவித்துக்கொண்டு வந்தார். 

“கோவமில்லங்க. கண்ணு வெட்டணும்னா இத விடணுமாம்.”

கந்தப்பன் கரண்டியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். சீனியைத் திரும்ப டின்னில் கொட்டினார். “அப்ப எனக்கும் வேணாம்” என்றார். அவருடைய கணக்கில் அது நீண்ட சொற்பொழிவு.

மலையில் வேலாயியைச் சமாளிப்பது இன்னும் கடினமாக இருந்தது. “ஏன்டி, எங்கையில என்னா ஊத்த இருக்கு?” என்று கேட்டாள். விசயத்தைச் சொன்னதும், “அப்ப கையச் சும்மா நீட்டு, நான் சும்மா வைக்கிறேன்” என்று வெறுங்கையால் வெறுங்கையைத் தட்டிவிட்டுப் போனாள். அது அப்படியே பழக்கமாகிவிட்டது. மழை பெய்தால் நாகலெட்சுமி சீனி டின்னைத் தேடாமல் வேலாயி காம்பராவுக்குப் போனாள். அங்கே கிடைத்த வம்பில் சீனிச்சத்து கிடையாது.

நாலு நாள் எல்லாம் ஒழுங்காகப் போனது. ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கந்தப்பன் வெறுந்தேத்தண்ணியை முன்னால் வைத்துக்கொண்டு, இடது கையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேலையில்லாமல் கிடந்த அந்தக் கையைப் பார்க்கப் பார்க்க நாகலெட்சுமிக்குத் தாங்கவில்லை. வருத்தம் எனக்கு, பட்டினி இந்த மனுசனுக்கா? எழுந்துபோய் டின்னைத் திறந்து அவர் கையில் ஒரு கரண்டி வைத்தாள். அவர் மட்டும் தனியாகத் தின்றால் நன்றாக இருக்காதே என்று துணைக்குத் தானும் ஒன்று. ஒன்று இரண்டாகி, அன்று பொழுது சாய்வதற்குள் ஐந்து கை. எல்லாமே அவருக்குத் துணைக்குத்தான்.

செவ்வாய்க்கிழமை குத்திப் பார்த்தபோது இருநூற்று நாற்பது. பிரேமினி எண்ணைச் சீட்டில் எழுதி அடியில் கோடு போட்டாள். நாகலெட்சுமி வீட்டுக்கு வந்து அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, “எனக்குக் கண்ணு வெட்ட மாட்டாங்கங்க” என்றாள். “கண்ணு தெரியாதவளுக்கு வேலயில்லன்னு செக்ரோல்ல பேர வெட்டிருவாங்க. அதத்தான் வெட்டுவாங்க.” கந்தப்பன் எழுந்தார். வெளியே போய்க் கொஞ்ச நேரம் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் விடியற்காலை அவர் அவள் கையில் ஒரு சின்ன இஞ்சித் துண்டை வைத்தார். பிறகு சொன்னார்: “நான் திங்கத்தான் போறேன். எனக்கென்ன வருத்தமா, ஒண்ணா? நீ ஒன் பாட்டப் பாரு.”

சொன்னபடி செய்தார். டின்னுக்குள் கரண்டி களகளவென்று உருண்டது. அவர் அவளுக்கு எதிரிலேயே உட்கார்ந்து, லயம் முழுவதும் கேட்கும்படி உள்ளங்கையை நக்கினார். முப்பத்திரண்டு வருசம் சத்தமில்லாமல் தின்ற மனுசன் இப்போது கன்றுக்குட்டியை நக்கும் பசுவைப்போலச் சத்தம் போட்டார்.

நாகலெட்சுமிக்கு வந்த கோபம் சொல்லி முடியாது. பரிதாபப்பட்டது எவ்வளவு மடத்தனம் என்று விளங்கியது. “கல்லு நெஞ்சு” என்று வேலாயியிடம் முறையிட்டாள். “எதுத்தாப்புல ஒக்காந்துக்கிட்டு நக்குறாருடி.” 

“ஆம்பளைங்கதானே” என்றாள் வேலாயி, வேறு விளக்கம் தேவையில்லாத தொனியில். 

கோபத்தில் ஒரு நன்மை இருந்தது. அவருக்காக இளகிய மனசு இறுகிவிட்டது. அவர் அங்கே நக்க நக்க, அவள் இங்கே இஞ்சியைக் கடித்தாள். காரத்தில் கண் கலங்கியது. நியாயமாகப் பார்த்தால் எல்லாம் அந்தக் கண்ணுக்காகத்தானே. குரக்கன் ரொட்டியை முதலில் திட்டிக்கொண்டு தின்றாள், பிறகு திட்டாமல் தின்றாள். சுலக்ஷனா போனை வைத்த பிறகு கை தானாக டின் இருந்த பலகை வரைக்கும் போகும். அப்போது “இது பசியில்ல, புள்ள ஞாபகம்” என்று வாய்விட்டுச் சொல்லுவாள். சொன்னால் ஞாபகம் குறையாது, ஆனால் கை திரும்பி வந்துவிடும். ஒரு நாள் மறுபடி அவளே கொழும்புக்குப் போன் எடுத்தாள். “என்னாம்மா, இப்பத்தானே பேசுனோம்?” என்றாள் மகள். “சும்மாதான். சீனி திங்காம இருக்கேன்” என்றாள் நாகலெட்சுமி. மகள் அரை மணித்தியாலம் பேசினாள்.

மாதக் கடைசியில் நூற்று நாற்பத்து மூன்று.

பிரேமினி சீட்டை இரண்டு தடவை பார்த்தாள். “என்னம்மா செஞ்சீங்க?”

“கோவப்பட்டேன் மிஸி” என்றாள் நாகலெட்சுமி.

அடுத்த வாரம் வலது கண்ணை வெட்டினார்கள். கட்டை அவிழ்த்து, கறுப்புக் கண்ணாடியைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுநாள் விடியற்காலை, பல்ப்பு வெளிச்சத்தில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள். சுவரில் கரி எவ்வளவு ஏறியிருக்கிறது என்பது தெரிந்தது. கந்தப்பனின் மீசையில் கறுப்பு ஒன்றும் மிச்சமில்லை என்பதும் தெரிந்தது. அவர் வழக்கம்போல அவள் கையில் இஞ்சியை வைத்தார், டின்னுக்குள் கரண்டியை உருட்டினார், எதிரில் உட்கார்ந்து சத்தமாக நக்கத் தொடங்கினார்.

நாகலெட்சுமி பார்த்தாள். எட்டிக் குனிந்து பார்த்தாள். பிறகு அந்தக் கையைப் பிடித்து வெளிச்சத்துக்கு இழுத்தாள்.

கவ்வாத்துக் கத்தி பட்ட பழைய தழும்பு இருந்தது. தேயிலைக் கறை இருந்தது. கறுத்த ரேகைகள் ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரிந்தன. சீனி மட்டும் ஒரு மணிகூட இல்லை.

“என்னாங்க நக்குறீங்க?”

“சீனி.”

அவள் எழுந்துபோய் டின்னை எடுத்தாள். உள்ளே கழுவித் துடைத்துச் சுத்தமாக இருந்தது. கரண்டி மட்டும் கிடந்தது. அப்போதுதான் அவளுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. அவர் சும்மா இருப்பதைக் காணப் பொறுக்காமல் தான் டின்னைத் திறந்தது. தட்டுப்பாட்டு வருசத்தில் இனிப்புப் பிடிக்கவில்லை என்று அவர் சொன்னதும் கூடவே ஞாபகம் வந்தது. பேசாத மனுசனுக்குப் பொய் வராது என்ற அவளுடைய கணிப்பு மொத்தமாகக் கவிழ்ந்தது.

“எங்கங்க சீனி?” என்றாள். டின்னை அவர் முன்னால் நீட்டினாள்.

கந்தப்பன் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பரிசோதித்தார். “நீ ஒத்தக் கண்ணுலதானே பாக்குற” என்றார். “மத்தக் கண்ணையும் வெட்டிட்டு வா. தெரியும்.”

நாகலெட்சுமி இஞ்சித் துண்டை இரண்டாகக் கடித்து, பாதியை அவர் கையில் வைத்தாள். “ம்” என்றாள்.

அவர் அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, பழக்கத்தில், வெறுங்கையை இன்னொரு தடவை சத்தமாக நக்கினார்.