டீமேக்கர் ஐயாவின் இரண்டு கதவு வண்டி

எங்கள் தேயிலை ஃபாக்டரியில் தூள் தயாரிப்பைக் கவனித்த டீமேக்கர் தேவசகாயம் ஐயா தவறிய செய்தி, போன வாரம் கொழுந்து நிறுக்கும்போது வந்தது. என் கூடை தராசில் தொங்கிக்கொண்டிருந்தது. எடையைச் சொல்ல வாயெடுத்த கணக்கப்பிள்ளை, அதைச் சொல்லாமல் இதைச் சொன்னார். சூரியநெல்லிக் காட்டுப் பெண்கள் எல்லாரும் கூடையை இறக்கிவைத்தோம். பிறகு ஒருத்தி, "காரை வாங்கிக் காலை வித்த மனுசன், பாவம்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. அந்த வார்த்தைக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். ஐந்தாவதோடு பள்ளியை விட்டவள் நான். என்றாலும் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எல்லார் வீட்டுக் கடிதமும் என் கையால்தான் போகும். இதையும் நானே எழுதுகிறேன்.

சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்காரத் துரையிடம் அவர் வாங்கிய வண்டி அது. சிவப்பு நிறம், இரண்டே கதவு, துணிக்கூரை. முன்னால் இருவர் உட்காரலாம். பின்னால் ஒருவர், முழங்கால் மோவாயில் முட்ட ஒடுங்கலாம். தரையோடு தரையாகப் போவதால் நாங்கள் செருப்பு வண்டி என்போம். வளைவுகளில் அது வழுக்கிக்கொண்டு ஓடுகிற அழகைப் பார்க்கக் கொழுந்து கிள்ளுவதை நிறுத்திவிடுவோம். ஆனால் மழை வந்தால் வெளியே நனைவதைவிட உள்ளே அதிகம் நனைய வேண்டும். பாதை நடுவில் ஒரு கல் துருத்தினால் அடிவயிறு கிழியும். அவர் மனைவி ஞானம்மாள் சர்ச் வாசலில் எல்லார் முன்னாலும் கேட்டார்:

"வீட்டுல ஆறு பேரு, வண்டியில ரெண்டு பேரு. மிச்ச நாலு பேரைக் கொழுந்துச் சாக்குல கட்டியா கொண்டுவரப் போறீக?"

ஐயா சிரித்தார். "லேசான வண்டி ஞானம்மா. குழியில விழுந்தா நாலு பேரு தூக்கிரலாம். லாரியத் தூக்க முடியுமா?"

ஒரு மத்தியானம் என் மகள் செல்விக்கு வலி கண்டது. பிள்ளை கால் கீழாக இருக்கிறது, உடனே கீழே போடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றார் எஸ்டேட் டாக்டர். எஸ்டேட் வேன் மூணாறு போயிருந்தது. நான் ஃபாக்டரிக்கு ஓடினேன். ஐயா கையிலிருந்த தூளை அப்படியே கொட்டிவிட்டுச் சாவியை எடுத்தார்.

செல்வியை முன் சீட்டில் சாய்த்தோம். நான் பின்னால் மடங்கினேன், மடியில் ஒரு கல்லோடு. மலைப்பாதையில் வண்டி நின்றால் சக்கரத்துக்குக் கல்லை அண்டை கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். லாரிக்குக் கிளீனர் உண்டு. அந்த வண்டிக்கு அன்று நான்.

பூப்பாறை தாண்டி, போடிமெட்டு தாண்டி, இறக்கம் தொடங்கியது. முன்னால் பத்தடி தெரியாத பனி.

"அம்மா, என்னமோ எறங்குதும்மா."

"பேசாம மூச்ச விடுட்டி" என்று அதட்டினேன். அதட்டினால்தான் எனக்கு அழுகை வராது.

ஒரு வளைவில், ஏறி வந்த லாரி அச்சு முறிந்து குறுக்கே நின்றது. கீழே போகவேண்டிய பஸ்ஸின் ஆட்கள் ரோட்டில் நின்றார்கள். லாரிக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஒரு சந்து இருந்தது. "நம்ம செருப்பு நுழையும்" என்றார் ஐயா. என்ஜின் அணைந்தால் மறுபடி கிளம்ப நேரமாகும் என்று அணைக்காமல், கை பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கினார். அந்தப் பிரேக் இறக்கத்தில் பிடிக்காது என்பது எனக்கும் தெரியும். என்னை இறக்கிவிட்டு, சந்தின் அகலத்தை அளக்க முன்னால் போனவர் குரல் கொடுத்தார்:

"பாக்கியத்தக்கா, கல்லப் போடுங்க!"

போட்டேன். பின்சக்கரத்துக்குப் பின்னால் போட்டேன். எங்கள் லாரிகள் கொழுந்தோடு ஃபாக்டரிக்கு ஏறும்போதுதான் வழியில் நிற்கும். கல் எப்போதும் பின்னால்தான் போகும். இருபது வருஷம் பார்த்த பழக்கத்தில் கை தானாகப் போட்டது. வண்டி கீழ்நோக்கி நிற்பதும் கல்லை முன்னால் போடவேண்டியதும் புத்தியில் ஏறவில்லை.

வண்டி நகர்ந்தது. பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். என்னையும் இழுத்துக்கொண்டு போனது. ஐயா விலகியிருக்கலாம். விலகவில்லை. பள்ளத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி, ஒரு காலைப் பாறையில் உதைத்து, நெஞ்சால் வண்டியைத் தாங்கினார். பஸ் ஆட்கள் ஓடிவந்து பிடிப்பதற்குள் அவர் முழங்கால் முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. கனத்த வண்டியென்றால் அவரையும் என் மகளையும் கொண்டுபோயிருக்கும்.

பஸ் ஆட்களே வண்டியைச் சந்து வழியாகத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்கள். பஸ் டிரைவர் ஓட்ட உட்கார்ந்தார். காயம்பட்ட சொந்தக்காரருக்கு அவர் வண்டியிலேயே இடமில்லை. "நீங்க போங்கக்கா, எனக்கு வேற வண்டி வரும்" என்று ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

பேத்தி பிறந்தாள். இந்த வருஷம் ஒன்றாம் வகுப்பு. என் கையெழுத்தைவிட அவள் கையெழுத்து திருத்தம்.

கேட்டவர்களிடமெல்லாம் ஐயா, "கல்லு வைக்க மறந்துட்டேன்" என்றார். ஆஸ்பத்திரியில் நான் உண்மையைச் சொல்கிறேன் என்றபோது தடுத்தார். "பெத்த மகளப் பள்ளத்துல தள்ளப் பாத்தாங்குற பேச்சு ஒங்களுக்கு வேணாம். என்னையன்னா ரெண்டு நாள் சிரிச்சுட்டு விட்டுருவாங்க."

நம் எஸ்டேட்டில் நீங்கள் யாரும் விடவில்லை. வண்டியை விற்ற பிறகும், அவர் நொண்டிக்கொண்டு சர்ச்சுக்கு வரும்போதெல்லாம் சிரித்தீர்கள். ஒருமுறை நானும் சேர்ந்து சிரித்தேன்.

நேற்று ஞானம்மாளிடம் போய்ச் சொன்னேன். "எங்கிட்டயும் மறந்துட்டேன்னுதான் சொன்னாரு. அதச் சொல்லியே எத்தன நாள் ஏசியிருக்கேன்" என்றார். இப்போது உங்களுக்கும் சொல்லிவிட்டேன். கல்லைத் தப்பாகப் போட்டவள் பாக்கியம்.

அவர் பொருள் எதுவும் என்னிடம் இல்லை. வண்டியைத் தாங்கி நின்ற முகம் இருக்கிறது. முன் கண்ணாடிக்கு உள்ளே என் மகள் அலறிக்கொண்டிருந்தாள். கால் முறிந்த மனிதர் அவளைப் பார்த்து, "பயப்படாத தாயி, புடிச்சிருக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.