மொரோக்கோவில் ஒரு நீரூற்றைப் பூட்டிய கதை

ஓடுகிற தண்ணீரை நிறுத்துவதில் மொன்றியலில் என்னை மிஞ்ச ஒரு தமிழன் இல்லை. பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்றாம் மாடிக் கழிவறைகளைக் கேட்டால் அவையே சொல்லும். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. பிரெஞ்சில் பிழையில்லாமல் வருவது 'நாளைக்கு வருகிறேன்' என்ற ஒரு வசனம். அதை வைத்தே ஒரு வான் வண்டி, இரண்டு வேலையாட்கள், சென்ட் லோரன்டில் சொந்த வீடு என்று வந்தவன் நான்.

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, அந்த மாசி மாதம் என் முழங்கால் மக்கர் பண்ணியது. இனிக் குசினித் தொட்டிக்குக் கீழே படுக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வான் சாவியை மருமகனிடம் கொடுங்கள் என்று என் மனுசி நச்சரித்தாள். அவளோடு மருந்துத் தொழிற்சாலையில் பொதி கட்டும் மொரோக்கோக்காரியின் தமக்கை, ஃபெஸ் நகரத்தில் பழைய வீடொன்றை விருந்தினர்களுக்கு விட்டு நடத்தினாள். அங்கே ஒரு கிழமை போய் இருப்போம் என்று முடிவானது. மகளும் மருமகனும் இருந்த சாப்பாட்டு மேசையில் மனுசி பந்தயம் வைத்தாள்.

"இஞ்சருங்கோ, ஏழு நாள். ஒரு ஆணியில கை வைக்காமல் இருந்து காட்டுங்கோ. பேந்து வான் திறப்பைப் பற்றி நான் கதைக்கவே மாட்டன்."

"வைச்சால், மாமி?" என்று மருமகன் கேட்டான். மரியாதையான பிள்ளை. அந்தக் கேள்வியில் மட்டும் மரியாதை கொஞ்சம் குறைவு.

"வைச்சால், வந்திறங்கின அண்டைக்கே திறப்பு உங்களுக்குத்தான் தம்பி."

நான் சம்மதித்தேன். புறப்படும் முன் மனுசி என் பெட்டியைச் சோதித்து, குறடு, டெஸ்டர், குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டேப் எல்லாவற்றையும் எடுத்து வெளியே வைத்தாள். அவளுடைய பெட்டியில் அவளே கட்டிய மிளகாய்த்தூள் பையை அவள் சோதிக்கவில்லை. சின்ன ஸ்பானர் ஒன்று அதற்குள் படுத்துக்கொண்டு அத்திலாந்திக் கடலைத் தாண்டியது.

அந்த வீட்டை வெளியிலிருந்து பார்த்தபோது ஏமாந்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். கழுதை போனால் மனிதன் ஒதுங்க வேண்டிய ஒழுங்கை. ஜன்னல் இல்லாத மொட்டைச் சுவர், குனிந்து நுழைய ஒரு கதவு. உள்ளே போனால் வானம் திறந்த நடுமுற்றம். நான்கு பக்கமும் இரண்டு மாடி, தரையிலிருந்து கழுத்தளவு வரை சின்னச் சின்ன ஓடு பதித்த சுவர். நானும் குளியலறைக்கு ஓடு பதித்தவன்தான். அந்த வேலையை ஒரு குறை சொல்ல முடியாமல் இரண்டு நாள் கஷ்டப்பட்டேன்.

நடுவில் நீரூற்று. இரவு பகலாக, கேட்பாரில்லாமல், தொட்டி நிரம்பி ஓரத்தால் வழிந்து ஓடிக்கொண்டிருந்தது. இருமல்காரனுக்குப் பக்கத்தில் இருக்கும் வைத்தியனின் நிலைமை எனக்கு. மனுசி தேத்தண்ணியில் புதினா இலையைப் பார்த்துக்கொண்டு சந்தோஷமாக இருந்தாள். நான் தண்ணீரைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மூன்று நாள் பொறுத்தேன். யாராவது என்னைப் பாராட்டியிருக்க வேண்டும்.

நாலாம் நாள் மத்தியானம், சாப்பிட்டுவிட்டு எல்லோரும் அறைகளுக்குள் போன நேரம், ஸ்பானரோடு இறங்கினேன். தொட்டிக்குப் பின்னால் ஓர் ஓட்டு மூடி. அதைத் தூக்கினால் கிழட்டு இரும்பு வால்வு. அரைச் சுற்று. தண்ணீர் நின்றது. வழிவதை மட்டும் நிறுத்தி, கொஞ்சமாகத் திறந்துவிடுவதுதான் என் திட்டம்.

அப்போதுதான் அந்த வீடு பேசத் தொடங்கியது. ஓர் அறையில் ஒரு பிரெஞ்சுச் சோடி சண்டை பிடிப்பது கேட்டது. இன்னோர் அறையில் யாரோ குறட்டை. மேல் மாடியில் என் மனுசி, தொலைபேசியில் மகளோடு:

"அப்பா நாலு நாளாய் ஒண்டிலயும் கை வைக்கேல்லை பிள்ளை. மனுசன் மாறிட்டார். பாவம், திறப்பை அவரே வைச்சிருக்கட்டும்."

எனக்கு நெற்றி வியர்த்தது. வால்வைத் திருப்பினேன், அசையவில்லை. நான் பூட்டினால் பூட்டினதுதான். வியர்வையைத் துடைத்தேன். ஸ்பானரில் ஒட்டியிருந்த மிளகாய்த்தூள் கையில், கையிலிருந்து இரண்டு கண்ணிலும். முகத்தைத் தொட்டிக்குள் அமுக்கினேன்.

"பொறு பிள்ளை, இஞ்ச என்னவோ சத்தம் நிண்டு போச்சு" என்றது மேலே குரல்.

தண்ணீருக்குள்ளிருந்து முகத்தைத் தூக்கியபோது எல்லாக் கதவும் திறந்திருந்தது. மாடிக் கைப்பிடி முழுக்கத் தலைகள். மனுசி இறங்கி வந்து, சிவப்பு ஸ்பானரை எடுத்து மணந்து பார்த்தாள்.

"என்ர தூளுக்குள்ளயோ வைச்சுக் கொண்டந்தனீங்கள்?"

அதுதான் அவளுக்குப் பெரிய குற்றமாகப் பட்டது.

வீட்டை நடத்தும் அந்தத் தமக்கை கோபப்படவில்லை. அவள் பிரெஞ்சில் சொன்னதை மனுசி ஒவ்வொரு சொல்லாக ருசித்துத் தமிழில் தந்தாள். இங்கே எல்லா அறையும் முற்றத்தையே பார்க்கிறது, ஓர் அறைக் கதை அடுத்த அறைக்குப் போகாமலிருக்கத்தான் தண்ணீரை வழிய விடுகிறார்கள், வழிகிற தண்ணீர் நிலத்துக்குக் கீழே தண்ணீர்த் தாங்கிக்குப் போய்த் திரும்பி வருகிறது, ஒரு சொட்டும் வீண் இல்லை. அன்று மாலை மேசையில் எல்லோரும் குசுகுசுத்தே சாப்பிட்டார்கள். பிரெஞ்சுச் சோடி மட்டும் வாயே திறக்கவில்லை. பிறகு செருப்புக் காலோடு வந்த ஒரு கிழட்டுக் குழாய்க்காரன், நான் பூட்டிய வால்வைத் திறக்க முக்கால் மணி நேரம் பட்ட பாட்டைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

மொன்றியல் விமான நிலையத்துக்கு மருமகன் தன் காரோடு வந்திருந்தான். மனுசி கையை நீட்டினாள். என் சாவிக் கோர்வையிலிருந்து வான் சாவியைக் கழற்ற நகம் நொந்தது. அவள் அதை அவனிடம் கொடுக்க, அவன் என் முகத்தைப் பார்க்காமல் வாங்கினான்.

"மாமா, நாளைக்குப் பார்க் எக்ஸ்டென்ஷனில ஒரு வேலை இருக்கு. ஒருக்கா வந்து பாருங்கோவன்."

"பார்க்கட்டும். தொடக்கூடாது" என்றாள் மனுசி.

போனேன். கையைக் காற்சட்டைப் பையிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை. அவன் தொட்டதெல்லாம் பிழை என்று மட்டும், மத்தியானம் வரை, பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டிருந்தேன்.